ரிம்மே பிரேக்: எடை குறைந்த ரோடு பைக்கை எங்கிருந்து கட்டத் தொடங்குவது

ரோடு பைக் ஒன்றை எடை குறைத்துக் கட்டப்போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஃபிரேம் எத்தனை கிராம்? சக்கரத்தின் மையத்தில் தனித் தட்டைப் பிடித்து நிறுத்தும் டிஸ்க் பிரேக் வண்டி என்றால் அங்கிருந்து தொடங்குவதில் பெரிய தப்பில்லை. சக்கரத்தின் வெளிவளையமான ரிம்மையே ரப்பர் பேடுகளால் பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் வண்டிக்கு அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, எந்த ரிம்? ஏனென்றால் இந்த வண்டியில் ரிம்முக்கு மூன்று வேலை. டயரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஸ்போக்குகளின் இழுவிசையைத் தாங்க வேண்டும், அதற்கு மேல் பிரேக் தட்டாகவும் உழைக்க வேண்டும். ரிம்மின் பக்கச் சுவரில் சுரண்டும் ஒவ்வொரு கிராமும் பிரேக்கில் சுரண்டும் கிராம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எதை முதலில் மாற்றுவது, எதில் தாராளமாக எடையைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பது பாதிக்கு மேல் தானாகவே தெளிவாகிவிடும்.

இந்தக் காலத்தில் ரிம் பிரேக் எதற்கு என்ற கேள்வியையும் தாண்டித்தான் போக வேண்டும். சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கைச் சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யுசிஐ 2018 ஜூலையில் முழுமையாக அனுமதித்தது. அதற்குப் பிறகும் 2019-ல் ஏகன் பெர்னாலும் 2020-ல் தடேய் போகாச்சரும் டூர் டி பிரான்ஸை ரிம் பிரேக் வண்டியில்தான் வென்றார்கள். ஆனால் தொழில் திரும்பிவிட்டது. ஷிமானோ தன் உச்சக் கியர்-பிரேக் தொகுப்பான டூரா-ஏஸின் 12 வேகப் பதிப்பை 2021-ல் கொண்டுவந்தபோது அதில் ரிம் பிரேக் இருந்தது, கேபிளால் இயங்கும் கியர் இல்லை. காம்பனோலோவின் 2023 வயர்லெஸ் சூப்பர் ரெக்கார்டும், ஸ்ராமின் 2024 ரெட்டும் டிஸ்க்குக்கு மட்டுமே. ஆக, இன்று கேபிள் கியரோடு எடை குறைந்த ரிம் பிரேக் வண்டி கட்டுகிறவர், 2010-களில் உச்சத்துக்கு வந்து அப்படியே நின்றுபோன ஒரு தொழில்நுட்பத்தின் கடைசிச் சரக்கை வைத்துக் கட்டுகிறார். இதில் ஒரு வசதி உண்டு. அந்தப் பாகங்களின் நல்லது கெட்டது எல்லாம் தெரிந்துவிட்டது, புதிதாக எதுவும் வந்து நம் வண்டியைப் பழசாக்கப் போவதில்லை.

எடையில் லாபம் உண்மையா? உண்மைதான், ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் அது இல்லை. ட்ரெக் எமொண்டா எஸ்எல்ஆரின் 2018 மாடலில் ரிம் பிரேக் ஃபிரேம் 640 கிராம், டிஸ்க் ஃபிரேம் 665 கிராம் என்று நிறுவனமே அறிவித்தது. ஃபிரேமில் வித்தியாசம் வெறும் 25 கிராம். மிச்சமெல்லாம் தட்டுகள், ஹைட்ராலிக் ஷிஃப்டர் (பிரேக்கும் கியரும் சேர்ந்த லீவர்), அதற்கான எண்ணெய், சக்கர மையமான ஹப்பின் கனம், தடித்த அச்சு ஆகியவற்றில் வருகிறது. ஒரே தரத்துப் பாகங்களை வைத்து ஒப்பிட்டால் முழு வண்டியில் 400-லிருந்து 500 கிராம் வரை ரிம் பிரேக் பக்கம் சாதகமாக நிற்கும். டிஸ்க் வண்டியை எடை குறைவாகக் கட்டவே முடியாது என்பதும் சரியில்லை. ஸ்பெஷலைஸ்டு 2020-ல் கொண்டுவந்த ஏதோஸின் ஃபிரேம் 585 கிராம்தான், அது டிஸ்க். ஆனால் அந்த எடைக்கு ஆகும் செலவில் ரிம் பிரேக் வண்டி ஒன்றரை கட்டலாம்.

6.8 கிலோ என்ற எண் அடிக்கடி வரும். 2000-ல் நடைமுறைக்கு வந்த யுசிஐ விதி அது, பந்தய வண்டி அதற்குக் கீழே இருக்கக் கூடாது. அந்த விதிக்கு உட்பட்ட போட்டியில் ஓட்டாதவருக்கு அது ஒரு எண், அவ்வளவுதான். 2014-ல் எமொண்டா எஸ்எல்ஆர் 10 கடையில் விற்கும் முழு வண்டியாகவே 4.65 கிலோவில் வந்தது. ஆனாலும் நல்ல பாகங்களை வைத்து, எதிலும் விபரீதம் பண்ணாமல் கட்டினால் வண்டி வந்து நிற்கும் இடமும் ஏறத்தாழ 6.8 ஒட்டித்தான் இருக்கும், அதனால் இலக்காக வைத்துக்கொள்ள வசதியான எண்.

சரி, குறைத்து என்ன பலன்? ஓட்டுபவர், உடை, தண்ணீர், வண்டி எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 சதவீத ஏற்றத்தில் 250 வாட் கொடுத்தால் மணிக்கு 12, 13 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். அந்த வேகத்தில் காற்று பெரிய எதிரியாக இருக்காது, சக்தியில் பெரும்பங்கு எடையைத் தூக்கவே போகிறது. அங்கே ஒரு கிலோ குறைந்தால் ஒரு மணிநேர ஏற்றத்தில் 40 விநாடி சொச்சம் மிச்சம். சமதரையில் மணிக்கு 35 கிலோமீட்டரில் போகும்போது அதே ஒரு கிலோ மிச்சப்படுத்துவது அரை வாட். அதாவது ஒன்றுமில்லை. எனவே மலைப்பாதையே இல்லாத ஊரில் ஓட்டுகிறவர் இந்த வேலையில் இறங்குவதற்கு ஆசையைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஆசை போதுமான காரணம் என்பது என் கட்சி.

சுழலும் எடையைக் குறைத்தால் இரண்டு மடங்கு பலன் என்றும் சொல்வார்கள். வேகம் எடுக்கும் கணத்துக்கு மட்டும் அது சரி. ரிம்மின் ஓரத்தில் 200 கிராம் குறைத்தால் முடுக்கத்தில் அது 400 கிராம் குறைத்தது மாதிரி. 80 கிலோவில் 400 கிராம் என்பது அரை சதவீதம். சீரான வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது ரிம்மில் இருக்கும் 200 கிராமும் சீட்டில் இருக்கும் 200 கிராமும் ஒன்றேதான். கால்களுக்கு ஏதோ வித்தியாசம் தெரிகிறதே என்றால் தெரியும், எழுந்து நின்று மிதிக்கும்போது நல்ல சக்கரம் கொடுக்கும் அந்தத் துள்ளல் கற்பனை இல்லை, ஆனால் அதில் எடைக்கும் ஸ்போக் இறுக்கத்துக்கும் நல்ல டயருக்கும் எத்தனை எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இனி ரிம்முக்கு வருவோம், விஷயமே அதில்தான் இருக்கிறது. அதே 80 கிலோ, 10 சதவீத இறக்கம், மணிக்கு 36 கிலோமீட்டர். விநாடிக்கு ஒரு மீட்டர் உயரம் இறங்குகிறோம், அப்படியானால் புவியீர்ப்பு கொடுக்கும் சக்தி 785 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும், உருளும்போது கொஞ்சம் போகும், மிச்சம் சுமார் 500 வாட் இரண்டு ரிம்களில் சூடாக இறங்குகிறது. 1000 வாட் இஸ்திரிப்பெட்டியின் பாதி. பயந்துபோய் பிரேக்கைப் பிடித்தபடியே மணிக்கு 20-ல் இறங்கினால் காற்று பத்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கும், எனவே அதே உயரத்தை இறங்க ரிம்முக்குள் போகும் மொத்தச் சூடு அதிகம், ஆற்றிக்கொள்ளக் காற்றோட்டமும் குறைவு. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுசாக விட்டுவிடு என்று பழைய ஆட்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

அலுமினியம் இந்தச் சூட்டை ரிம் முழுக்கப் பரப்பி வெளியே விட்டுவிடும். கார்பன் விடாது. கார்பன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் ஒரு வெப்பநிலைக்கு மேல் இளகத் தொடங்கும், உள்ளே டயரின் காற்றழுத்தம் பக்கச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், இரண்டும் சேர்ந்தால் சுவர் உப்பிவிடும் அல்லது அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். ஒட்டிப் போடும் டியூபுலர் டயருக்கான கார்பன் ரிம்மில் டயரைக் கவ்வும் அந்தச் சுவரே இல்லை, அதனால் அது எடையும் குறைவு, இந்த உப்பல் பிரச்சினையும் கிடையாது. என்ன, பஞ்சர் ஆனால் ஒட்டும் தொல்லை. எடை ஒன்றே குறி என்றால் டியூபுலர்தான் இன்றைக்கும் சுருக்குவழி. ஆனால் தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் தேர்வு அலுமினிய ரிம், கையால் கோர்த்த சக்கரம். கவர்ச்சி குறைவு, தெரியும். கணக்கைப் பாருங்கள்: 430 கிராம் ரிம் இரண்டு, சேர்த்து 330 கிராமில் நல்ல ஹப் ஜோடி, முன்னால் 20 பின்னால் 24 என்று 44 ஸ்போக். சாதாரண 2 மி.மீ. ஸ்போக் ஒன்று சுமார் 7 கிராம், சாபிம் சிஎக்ஸ்-ரே போன்ற தட்டை ஸ்போக் 4.3 கிராம் வாக்கில். 44-க்கு 120 கிராம் வித்தியாசம். நடுவில் மெலிந்த ஸ்போக் கொஞ்சம் நீண்டு சுருங்கும் தன்மை உள்ளது என்பதால் சீக்கிரம் முறியாது, எடையும் உழைப்பும் ஒரே பக்கம் நிற்கும் அபூர்வமான இடம் இது. ஸ்போக் முனையில் திருகும் நிப்பிளை மட்டும் பித்தளையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்துக்கு மாற்றினால் 30 கிராம் மிச்சமாகும், பிற்பாடு வியர்வையும் மழையும் பட்டு அரித்து, சக்கரத்தை நேராக்கப் போகும்போது வட்டமாகத் தேய்ந்து சுற்றும். எல்லாம் கூட்டினால் 1,420 கிராம் சொச்சம். ரெடிமேடாக வரும் நடுத்தர வண்டியின் சக்கரம் 1,800-ஐத் தாண்டும். முன்னொரு தடவை 1,280 கிராம் என்று எழுதியிருந்த கார்பன் சக்கரம் ஒன்றை வாங்கித் தராசில் வைத்தால் 1,390 காட்டியது. கேட்டதற்கு, அந்த எடை ரிம் டேப்பும் வால்வும் இல்லாமல் என்று பதில் வந்தது. 110 கிராமுக்கு ரிம் டேப்பா! அன்றிலிருந்து தராசில் வைக்காமல் எந்தப் பாகத்தையும் நம்புவதில்லை.

எடை 85 கிலோவுக்கு மேல் உள்ளவர் 24/28 ஸ்போக் போடுவது நல்லது. உடைந்துவிடும் என்ற பயத்துக்காகச் சொல்லவில்லை. ஸ்போக் குறைந்த பின்சக்கரம் எழுந்து மிதிக்கும்போது பக்கவாட்டில் வளைந்து பிரேக் பேடில் உரசும், உரசாமலிருக்கப் பிரேக்கை அகலமாகத் திறந்து வைப்பீர்கள், அப்புறம் லீவர் ஹேண்டில்பார் வரை வந்துதான் பிடிக்கும். டிஸ்க் வண்டிக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது. இங்கே சக்கரத்தில் மிச்சம் பிடித்த 40 கிராம் நேராகப் பிரேக்கில் வந்து நிற்கிறது.

பேடுகளை ரிம்மின் மேல் அமுக்கும் கவ்வியான கேலிப்பருக்கு அடுத்த இடம். டூரா-ஏஸ் ஆர்9100 கேலிப்பர் ஜோடி 326 கிராம், ஸ்ராம் ரெட் 22-ல் வந்தது 240 வாக்கில், கேன் கிரீக்கின் ஈஈபிரேக் 170-க்கு அருகே. கடைசியாகச் சொன்னது எடை குறைவாகவும் உறுதியாகவும் இருக்கும் சிலவற்றில் ஒன்று, விலையும் அப்படி. இதைவிட லேசாகக் கார்பனில் செதுக்கிய நகைகளும் உண்டு, அவற்றில் சில அழுத்தும்போது கைகள் விரிந்து கொடுக்கும், லீவரில் பஞ்சை அமுக்குவது போல இருக்கும். நான் டூரா-ஏஸையே வைத்திருக்கிறேன். 150 கிராம் அதிகம் சுமக்கிறேன், ஒரு விரலால் நிற்கிறது. வாங்கும்போது பார்க்க வேண்டியது ரீச், அதாவது ஃபிரேமில் மாட்டும் போல்ட்டிலிருந்து பேட் வரை உள்ள தூரம். பந்தய ஃபிரேம்களுக்கு 39-லிருந்து 49 மி.மீ., நீண்ட வகைக்கு 47-லிருந்து 57. இரண்டு போல்ட்டில் நேரடியாக மாட்டும் வகை தனி, அதற்கேற்ற ஃபிரேம் வேண்டும். பழைய லீவரையும் புதிய கேலிப்பரையும் கலக்காதீர்கள், கேபிளை இழுக்கும் அளவு தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது.

பிரேக் நன்றாக இல்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்குப் பிரச்சினை கேலிப்பரில் இல்லை, கேபிளிலும் பேடிலும்தான். பிரேக் உறைக்குள் சுருள் கம்பி, கியர் உறைக்குள் நீளவாட்டில் ஓடும் கம்பிகள். கியர் உறை லேசானது, அமுங்காது என்று அதைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்தம் தாங்காமல் ஒருநாள் வெடித்துப் பிளக்கும், அதுவும் பலமாகப் பிடிக்கும் கணத்தில். பிரேக்குக்கென்றே செய்த அமுங்காத உறை தனியாகக் கிடைக்கிறது. அதைப் போட்டு, வளைவுகளைக் குறைத்து, முனையைச் சதுரமாக வெட்டி அரத்தால் தேய்த்துவிட்டால் லீவரில் வரும் உறுதி எந்த விலையுயர்ந்த கேலிப்பரும் தராதது. பேடில் சிக்கனம் வேண்டாம். அலுமினிய ரிம்முக்கு ஸ்விஸ்ஸ்டாப் பிஎக்ஸ்பி போன்ற ஒன்று, கார்பனுக்கு ரிம் தயாரிப்பாளர் சொன்னது மட்டும். அலுமினியத்தில் ஓடிய பேடைக் கார்பன் ரிம்முக்கு மாற்றினால் அதில் புதைந்திருக்கும் உலோகத் துணுக்குகள் ரிம்மைக் கீறிவிடும்.

டயரில் கிடைக்கும் லாபம் எடையைவிட உருளும் தடையில்தான் அதிகம். கம்பி வைத்த மலிவு டயர் 300 கிராம், கான்டினென்டல் ஜிபி5000 போன்ற மடக்கு டயர் 25 மி.மீ. அளவில் 220 வாக்கில். முழு வண்டியிலும் கொடுத்த காசுக்கு அதிகம் திரும்பக் கிடைப்பது இந்த மாற்றம்தான். டியூபில்தான் வம்பு. சாதாரண பியூட்டில் ரப்பர் டியூப் 100 கிராம், மெல்லிய லேடெக்ஸ் ரப்பர் டியூப் 75, டிபியு எனப்படும் பிளாஸ்டிக் டியூப் 35 அல்லது அதற்கும் கீழே. எடைப் பட்டியலைப் பார்த்தால் கை தானாக டிபியு பக்கம் போகும். ஆனால் ரிம்மில் சூடேறும் வண்டி இது. டிபியு டியூப்களில் சில டிஸ்க் பிரேக் வண்டிக்கு மட்டும் என்றே விற்கப்படுகின்றன, கார்பன் ரிம்மோடு லேடெக்ஸ் போடக் கூடாது என்று பல சக்கர நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். நீண்ட இறக்கங்கள் உள்ள பாதைக்கு அலுமினிய ரிம்மும் லேடெக்ஸும் என்பது என் சேர்மானம். லேடெக்ஸ் இரவோடிரவாகக் காற்றை விட்டுவிடும், தினமும் பம்பு அடிக்க வேண்டும், பழகிவிட்டது.

கியர் பாகங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டில். 11-28 அளவில் (சின்னதில் 11 பல், பெரியதில் 28) ஷிமானோ 105 ஆர்7000 கேசட் 284 கிராம், அல்டெக்ரா 251, டூரா-ஏஸ் 193. பெரிய பல்சக்கரங்கள் டைட்டானியம் என்பதுதான் ரகசியம், அதனால் சீக்கிரம் தேயும் என்பது அதன் மறுபக்கம். அன்றாடத்துக்கு அல்டெக்ரா, மலைக்குப் போகும் நாளுக்கு டூரா-ஏஸ் என்று இரண்டு வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள். டூரா-ஏஸ் ஷிஃப்டர் ஜோடி 365, சங்கிலியை நகர்த்திக் கியர் மாற்றும் டீரெயிலரில் பின்னது 158, முன்னது 70. எடை குறைக்கிறேன் என்று பெரிய கியர் பல்லை எடுத்துவிட்டுச் சின்ன கேசட் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 60 கிராம் மிச்சம் பிடித்துவிட்டு, கடைசி ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர் மேம்பாடா?

ஃபிரேம். கடைசியாகத்தான் வருகிறது. ரிம் பிரேக் ஃபிரேமை டிஸ்க்குக்கு மாற்ற முடியாது, டிஸ்க்கை இதற்கும் மாற்ற முடியாது, எனவே தேர்வு பெரும்பாலும் 2010-களின் சரக்கு. கார்பன் வேண்டாம் என்றால் கேனண்டேல் சிஏஏடி12 போன்ற அலுமினிய ஃபிரேம், ரிம் பிரேக் வடிவத்தில் 1,098 கிராம் என்று அறிவிக்கப்பட்டது, நல்ல கார்பனைவிட 300 கிராம் சொச்சம்தான் அதிகம். அந்த 300 கிராமுக்காகக் கீழே விழுந்த வரலாறு தெரியாத பழைய கார்பன் ஃபிரேமை வாங்குவதைவிட அலுமினியத்தோடு இருந்துவிடலாம். எடையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) அச்சு உட்காரும் இடத்தின் வகை, பின் ஹப்புக்கான 130 மி.மீ. அகலம், டயருக்கு இருக்கும் இடம். இன்றைய அகல ரிம்மில் 28 என்று எழுதிய டயர் 29, 30 என்று விரியும், கேலிப்பரின் அடிவயிற்றில் உரசும்.

சின்னப் பாகங்கள்தான் கிராம் பித்து பிடித்தவர்களின் சொர்க்கம். சீட்டில் 100 கிராம், சீட்போஸ்ட்டில் 80, ஹேண்டில்பாரில் 80, சக்கர அச்சுக் கம்பியில் 70 என்று ஓசையில்லாமல் குறையும். 90 கிராம் சீட் ஒன்றைப் பற்றி என் பின்புறத்துக்குத் தனிக் கருத்து உண்டு, அதை விடுங்கள். எஃகு போல்ட்டுக்குப் பதில் டைட்டானியம் போட்டால் எடை பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், பசை தடவி மாட்டினால் பிரச்சினை இல்லை. அலுமினிய போல்ட்டை மட்டும் பாட்டில் கூட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் ஒருதரம் சீட்போஸ்ட் பிடிப்பில் போட்டேன், மூன்று கிராம் மிச்சம். இறுக்கும்போதே தலை முறிந்து உள்ளே நின்றுவிட்டது, துளைபோட்டு எடுக்க ஒரு மாலை முழுக்கப் போனது. சாலையில் முறியாமல் வீட்டில் முறிந்ததே என்று சந்தோஷப்பட்டேன். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மிலும் பிரேக்கிலும் அதை நினைத்தும் பார்க்காதீர்கள். கார்பன் பாகம் எதையும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்காதீர்கள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கும், பாகத்தின் மேலேயே எழுதியிருப்பார்கள். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தண்டை வெட்டும் முன் ஒரு மாதமாவது ஓட்டிப் பாருங்கள்.

900 கிராம் கார்பன் ஃபிரேம், 370 ஃபோர்க், மேலே சொன்ன அலுமினியச் சக்கரம், லேடெக்ஸ் டியூப், டூரா-ஏஸ் கேபிள் கியர், அதே பிரேக், 620 கிராம் கிராங்க், 150 கிராம் சீட், பெடல், இரண்டு பாட்டில் கூடு வரை எல்லாவற்றையும் கணக்குத்தாளில் கூட்டினால் 6.6 கிலோவில் நிற்கிறது. அபூர்வமான பாகம் ஒன்றுகூட இல்லை. அலுமினிய ஃபிரேமாக இருந்தால் 6.8, 6.9. இதே இடத்தை 8.3 கிலோ வண்டியிலிருந்து வந்து அடைந்தவருக்கு, அந்த ஒரு மணிநேர ஏற்றத்தில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் மிச்சம்.

கட்டி முடித்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பேட் ரிம்மைத் தின்றுகொண்டே இருக்கும், மழையில் ஓட்டினால் மண்ணும் சேர்ந்து இன்னும் வேகமாக. புதிதில் ஒன்றரை மி.மீ. வாக்கில் இருக்கும் அலுமினியச் சுவர் 1 மி.மீ.க்குக் கீழே போனால் ரிம்மைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் டயரின் அழுத்தத்தில் ஒருநாள் பிளந்துகொள்ளும். பல ரிம்களில் தேய்மானத்தைக் காட்ட ஒரு சின்னக் குழியோ கோடோ இருக்கும், அது மறைந்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ரிம்மின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் குழிந்திருப்பது தெரியும். ஹப்பும் ஸ்போக்கும் நன்றாக இருந்தால் அதே ஸ்போக் நீளத்துக்குப் பொருந்தும் புது ரிம்மைப் பழையதன் பக்கத்தில் டேப் போட்டுக் கட்டி, ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த ரிம்மை இப்போதே, கிடைக்கும்போதே, ஒரு ஜோடி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள்.